சும்மா சொன்னது

அன்புள்ள ஐயா,

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். மத்திய அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன், இது இரண்டாவது முயற்சி. அமெரிக்காவுக்கும் அதன் பழைய நட்பு நாடுகளுக்கும் நடுவே விழுந்திருக்கும் விரிசல் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். கனடா மேல் போட்ட வரி, டென்மார்க்கிடம் கிரீன்லாந்தைக் கேட்பது, பணம் செலவழிக்காத நாட்டைக் காப்பாற்ற மாட்டோம் என்ற பேச்சு, எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எங்கள் பயிற்சி வகுப்பில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அரசியலில் நிரந்தர நண்பனும் இல்லை, நிரந்தர எதிரியும் இல்லை, நலன் மட்டுமே நிரந்தரம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அப்படியிருக்க இதற்கு ஏன் இத்தனை பேர் வருத்தப்படுகிறார்கள்? அவர்களுடைய நேட்டோ ராணுவக் கூட்டணி உடைந்துவிடுமா? அவர்கள் அடித்துக்கொண்டால் நமக்கு லாபம்தானே? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை நான் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில்தான் என் அப்பாவின் லேத் பட்டறை இருந்தது. இப்போது அங்கே தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பாவையும் அவருடைய கூட்டாளியையும் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நேட்டோ உடையுமா என்று கேட்டால் அது ஜோசியம். அதை விடுங்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த நிரந்தர நண்பன் வாக்கியத்தைப் படித்தபோதுதான்.

தேர்தலுக்குத் தேர்தல் நம் ஊர் மேடைகளில் இதைக் கேட்கிறோம். நேற்றுவரை திட்டியவரோடு கை கோத்து நிற்கும்போது சொல்கிறார்கள், கைவிட்டு ஓடும்போதும் சொல்கிறார்கள். யார் வாயிலிருந்து வந்தது என்று உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களா? 1848 மார்ச் 1 அன்று பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் தங்கள் நாடாளுமன்றத்தில் பேசியது. அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கடற்படை அவர்களுடையது. நம் சென்னைக் கோட்டையில் பறந்ததும் அவர்கள் கொடிதான். யார் தயவும் தேவைப்படாத இடத்திலிருந்து ஒருவன் பேசிய பேச்சு அது. அதைத் திருவொற்றியூரில் உட்கார்ந்து நீங்கள் ஏன் தம்பி மனப்பாடம் செய்கிறீர்கள்? படிக்கிற பிள்ளை, யார் சொன்னது, எந்த நிலையில் நின்று சொன்னது என்று ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

அவர்கள் நாட்டுக்கே அது பொருந்தாது. இங்கிலாந்தும் போர்ச்சுகலும் 1373-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன, 1386-இல் அதை உறுதிப்படுத்தின. இன்றுவரை யாரும் அதை ரத்து செய்யவில்லை. 1943-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் விமானத் தளம் வேண்டுமென்று சர்ச்சில் கேட்டபோது அந்த 1373 காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினார். 570 வருஷம் கழித்து! போர்ச்சுகலும் கொடுத்தது.

ஆனால் நடுவில் 1890 என்று ஒரு வருஷம் இருக்கிறது. உங்கள் கட்டுரைக்கு வேண்டியது அங்கே இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் ஒட்டவைத்து, இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல்வரை ஒரே பட்டையாக ஆளலாம் என்று போர்ச்சுகல் கனவு கண்டது. இரண்டுமே பறித்த நிலம், அதில் எனக்கு எந்தப் பரிவும் இல்லை. ஆனால் அந்த வழியில் பிரிட்டனுக்கும் கண் இருந்தது. 1890 ஜனவரி 11 அன்று, ஐந்நூறு வருஷத்துக் கூட்டாளிக்கு, படையைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் எங்கள் தூதர் லிஸ்பனைவிட்டுக் கிளம்புவார் என்று ஓலை வந்தது. போர்ச்சுகலால் என்ன செய்ய முடியும்? பணிந்தது.

பிரிட்டன் அதை மறந்தே போயிருக்கும். போர்ச்சுகல் மறக்கவில்லை. அந்த அரசாங்கம் விழுந்தது. லிஸ்பனில் தங்கள் மகாகவியின் சிலைக்கு மாணவர்கள் கறுப்புத் துணி சுற்றினார்கள். அந்தக் கோபத்தில் பிறந்த பாட்டுதான் பிற்பாடு அவர்களுடைய தேசிய கீதம் ஆனது. சாதாரண ஜனங்கள் காசு போட்டு, நமக்கென்று ஒரு போர்க்கப்பல் வேண்டும் என்று நிதி திரட்டினார்கள். அடமாஸ்டர் என்ற அந்தக் கப்பலைப் பிரிட்டனில் கட்டவில்லை, இத்தாலியில் கட்டினார்கள். ஆனால் அதன் குண்டு பிரிட்டன்மேல் விழவில்லை. 1910 அக்டோபரில் குடியரசுப் புரட்சி வந்தபோது, அந்தக் கப்பல்தான் லிஸ்பனில் தங்கள் ராஜாவின் அரண்மனையைச் சுட்டது. மறுநாள் முடியாட்சியே இல்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, கடன், சர்வாதிகாரம், 1908-இல் ராஜாவைக் கொன்றது. ஆனால் மானம் போன கதையை 1890-இலிருந்துதான் அங்கே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நீங்கள் தேட வேண்டிய விளைவு இதுதான். பெரியவன் அவமானப்படுத்தினால், சின்னவன் பெரியவனோடு சண்டைக்குப் போக மாட்டான். அவன் வீட்டுக்குள் சண்டை வரும். பணிந்து போனவர் யாரோ அவர் தலைதான் உருளும்.

சரி, என் அப்பாவுக்கு வருகிறேன்.

1974-இல் அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரு பழைய லேத்தை ஏலத்தில் எடுத்தார்கள். பாதிக்குப் பாதி. மாமா என்றால் ரத்த உறவு கிடையாது. இரண்டு பேரும் ஒரே பட்டறையில் எடுபிடியாக வேலை கற்றவர்கள். இடம் எங்கள் ஆயாவுடையது என்பதால் பட்டறை அப்பா பேரில் இருந்தது. பதிமூன்று வருஷம் கணக்கு என்று எதுவும் எழுதியதில்லை. வந்த பணம் ஒரு பிஸ்கட் டப்பாவில் விழும், சனிக்கிழமை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். ஷட்டருக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. சாவி ஒன்றே ஒன்று, எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். மாமா காலையில் வந்து, அம்மா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, சாவியை எடுத்துப்போய்த் திறப்பார்.

1987-இல் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சூப்பர்வைசர் பெரிய ஆர்டரோடு வந்தார். அத்தனை பீஸை அந்தத் தேதிக்குள் முடித்தால் அளவு தப்பும், வேண்டாம் என்றார் மாமா. வந்தவர் முன்னால் அப்பா சொன்னார்: “பட்டறை யார் பேர்ல கீது? நான் சொல்றேன், எட்த்துக்கலாம்.”

நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன், அங்கேதான் நின்றேன். மாமா ஒன்றும் பேசவில்லை. ஜாபைத் திருப்பி மாட்டினார். மறுநாளும் வழக்கம்போல் வந்தார். நல்லபடியாகவே பேசினார். ஆனால் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜாபையும், ஒவ்வொரு ரூபாயையும் எழுதினார். அடுத்த மாதம் ஒரு மாற்றுச் சாவி போட்டுக்கொண்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சாவி எடுக்கத் தேவையில்லை, காபியும் இல்லை. முதலில் கவனித்தது அம்மாதான். அப்பாவிடம் சொன்னாள். “அட, நான் சும்மா சொன்னேன், அதுக்குப் போயி...” என்றார் அப்பா. சாகும்வரை அவருக்கு அது புரியவில்லை. மாமாவைச் சின்ன புத்திக்காரர் என்றே நினைத்தார். 1990-இல் மாமா ட்ரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு வியாசர்பாடியில் தனியாகப் போட்டார். லேத்தை நகர்த்த முடியாது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அப்புறம் இவர் ஒரு ட்ரில்லிங் மெஷின் வாங்கினார், அவர் ஒரு லேத் வாங்கினார். இரண்டு கரண்ட் பில், இரண்டு கடன், இரண்டு பேருக்கும் வட்டி. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை, தம்பி.

இப்போது கனடாவைப் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கா தன் வானத்தை மூடியபோது, நியூஃபவுண்ட்லாந்தில் கேண்டர் என்ற சிற்றூரில் 38 பயணி விமானங்கள் இறங்கின. 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள், படுக்கை கொடுத்தார்கள். ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்ற நேட்டோவின் 5-ஆம் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் எடுக்கப்பட்டது, அதுவும் அமெரிக்காவுக்காக. அதன்பின் ஆப்கானிஸ்தானில் 158 கனடா வீரர்கள் செத்தார்கள். சின்ன நாடான டென்மார்க் 40-க்கும் மேற்பட்டவர்களை இழந்தது.

2024 நவம்பர் கடைசியில் புளோரிடாவில் கனடாவின் அன்றைய பிரதமர் ட்ரூடோவோடு ஒரு விருந்து. நீங்கள் எங்கள் 51-ஆவது மாநிலமாகிவிடலாமே என்றார் டிரம்ப். கேலிக்குச் சொன்னார், எங்களைச் சீண்டினார் என்று கனடா அமைச்சரே சமாளித்தார். சும்மா சொன்னது! அடுத்த பிப்ரவரியில், அது நிஜமான எண்ணம்தான் என்று பிரதமர் ட்ரூடோ தொழிலதிபர்களிடம் பேசியது வெளியே வந்தது. மார்ச்சில் ஒன்டாரியோவின் அரசு மதுக்கடைகளில் அமெரிக்கச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். ஜனவரியில் கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கிக் கிடந்த ஆளும் லிபரல் கட்சி ஏப்ரல் 28 தேர்தலில் ஜெயித்தது. எதிர்க்கட்சித் தலைவர் தன் சொந்தத் தொகுதியையே இழந்தார். அமெரிக்காவோடு இருந்த பழைய உறவு முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்ன, ட்ரூடோவுக்குப் பின் மார்ச்சில் வந்த கார்னி பிரதமராக நீடித்தார், ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார். டென்மார்க் செப்டம்பரில் வான் பாதுகாப்பு ஏவுகணை வாங்கியபோது அமெரிக்காவின் பேட்ரியட்டை விட்டுவிட்டு, பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து செய்ததை எடுத்தது. மாற்றுச் சாவி போடும் சத்தம் இதுதான்.

நேட்டோ நாடுகள் 2035-க்குள் தங்கள் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவழிப்பதாக 2025-இல் ஹேக் நகரில் ஒப்புக்கொண்டதை அமெரிக்காவின் வெற்றி என்று உங்கள் வகுப்பில் சொல்வார்கள். என் அப்பாவும் அந்தப் பெரிய ஆர்டரை வெற்றி என்றுதான் சொன்னார். அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். நம்பியிருந்த காலத்தில் ஒன்றே போதும் என்று இருந்ததை இப்போது தனித்தனியாக வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க வேண்டிய காசு அது.

மறுபடி ஒரு நல்ல அதிபர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதிவிடாதீர்கள். 1956-இல் சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசரிடமிருந்து பிடுங்கப் பிரிட்டனும் பிரான்சும் போனபோது, பிரிட்டனின் பணமான பவுண்டின் கழுத்தைப் பிடித்து அமெரிக்கா நிறுத்தியது. நிறுத்தியது சரிதான். பிரிட்டன், இனி அமெரிக்காவை ஒட்டியே நிற்பது என்று முடிவெடுத்தது. பிரான்ஸ், இனி யாரையும் நம்புவதில்லை என்று. 1960-இல் சகாராவில் சொந்த அணுகுண்டை வெடித்தது, 1966-இல் நேட்டோவின் ராணுவத் தலைமையிலிருந்து வெளியேறியது. அது திரும்பி வந்தது 2009-இல். நடுவில் அமெரிக்காவில் எத்தனை அதிபர்கள் மாறினார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நமக்கு லாபமா என்று கேட்டீர்கள். 2025 ஆகஸ்டில் 25 சதவீத வரியும், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு மேலும் 25 சதவீதமும் விழுந்ததே, அப்போது இறால் ஏற்றுமதி செய்தவர்களிடமும் திருப்பூர்க்காரர்களிடமும் போய்க் கேளுங்கள். பழைய கூட்டாளியிடமே சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் நம்மிடம் காப்பாற்றுவானா? இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் வியாசர்பாடிக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டது. கண் சரியில்லை, ஆனாலும் என் குரலைக் கேட்டதும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த எண்ணூர் ஆர்டர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “உங்க நைனா நல்ல மன்சன்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த லேத்து இன்னா ஆச்சு?” என்றார்.

“அப்பா போனப்புறம் 2011-ல போட்டுட்டோம் மாமா.”

“காயலான் கடைக்கா? கிலோ இன்னா வெலைக்கு எட்த்தான்?”

சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். நல்ல மெஷின் என்றார். பேத்தியைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார்.

ஜீவா ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அந்த லேத்தில் பாதி அவருடையது. விற்ற அன்றும் சரி, அதன்பிறகும் சரி, ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. அவருடைய நோட்டில் நிச்சயம் இருந்திருக்கும்.

கட்டுரையை அந்த வாக்கியம் இல்லாமல் திருப்பி எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வியாசர்பாடி போகிறேன். பாதிப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்வாரா என்று தெரியவில்லை.