உலக இசை: ஞாயிறு மாலைக் கேள்வி பதில்

நாட்டுப்புறம், மின்னணு இசை, காதுக்குப் புதிதான சோதனை முயற்சிகள் எதைப் பற்றியும் கேளுங்கள். சினிமாப் பாட்டு என் துறை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: இங்கே சொல்லும் எதையும் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடிக்குரல் அதில் வராது. வராத ஒன்றைக் கேட்டுவிட்டு "ஒன்றுமே இல்லையே அக்கா" என்று வந்து நிற்பீர்கள்.

மதுரை மாணவன்: அக்கா, எங்கிருந்து ஆரம்பிப்பது? செயலி தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறது.

போன மாதம் நீங்கள் கேட்டதை வைத்துத்தானே அது அடுத்ததை எடுத்துக் கொடுக்கும், பாவம். ரேடியோ கார்டன் என்ற தளத்துக்குப் போங்கள். உலக உருண்டையைச் சுழற்றி ஓர் ஊரைத் தொட்டால் அந்த ஊர் வானொலி பாடும். மாலி நாட்டின் பமாகோவில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

அப்புறம் ஃபோக்வேஸ். 1948-ல் மோசஸ் ஆஷ் நியூயார்க்கில் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம். 1987-ல் அமெரிக்க அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்ஸோனியன் அதை எடுத்துக்கொண்டபோது ஒரு நிபந்தனை இருந்தது: எந்தத் தட்டையும் விற்பனையிலிருந்து நீக்கக் கூடாது. அதனால் வருடத்துக்கு நாலு பேர்கூட வாங்காத பதிவும் இன்று கிடைக்கும். உறைக்குறிப்புகளை இலவசமாகவே படிக்கலாம். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம், யார் பதிவு செய்தது என்று நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை இசை வகையின் பெயரைத் தேடாமல், பதிவு செய்தவரின் பெயரைத் தேடுங்கள். மலையேறி ஒலிப்பதிவுக் கருவி தூக்கிய ஆள் ஒரே ஒரு தட்டோடு நின்றிருக்க மாட்டார்.

சேலம் வாசகி: ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு குரலில் பாடுவதை ஒரு காணொளியில் பார்த்தேன். ஏதாவது தில்லுமுல்லா சார்?

அக்கா என்றால் போதும். தில்லுமுல்லு இல்லை. தம்புரா மீட்டும்போது யாரும் தொடாத ஒரு காந்தாரம் தானாக எழுந்து நிற்குமே, சுயம்பு காந்தாரம் என்போம், அதே சங்கதிதான். எந்தச் சுரத்தைப் பாடினாலும் அதற்குள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்கள் ஒளிந்திருக்கும். நீங்கள் பார்த்தவர் பெரும்பாலும் டூவாக்காரராக இருப்பார். மங்கோலியாவை ஒட்டித் தென் சைபீரியாவில் இருக்கும் ரஷ்ய மேய்ச்சல் பகுதி அது. அவர்கள் அடிச்சுரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, நாக்கையும் உதட்டையும் நகர்த்தி, ஒளிந்திருப்பதில் ஒன்றை மட்டும் பெரிதாக்குகிறார்கள். இதற்குக் கூமெய் என்று பெயர். விசில் மாதிரி மேலே பறப்பது சிகித். பாடும் சுரத்துக்கும் ஒரு ஸ்தாயி கீழே உறுமுவது கர்கிரா. 1992-ல் உருவான ஹூன்-ஹூர்-டூ குழுவில் இந்த வகைகள் எல்லாம் கேட்கலாம்.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? குளியலறையில் நின்று ஒரே சுரத்தில் "ஊ" பிடியுங்கள். சுரம் மாறாமல், மிக மெதுவாக, வாயை மட்டும் "ஈ"க்குக் கொண்டுபோங்கள். மேலே மெல்லிய விசில் ஒன்று படிப்படியாக ஏறும். முதல் நாள் வராது. கர்கிராவை மட்டும் தொண்டை வலிக்க வலிக்கப் பழகாதீர்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பால் பீனா என்று பார்வையற்ற ப்ளூஸ் பாடகர் இருந்தார். 1984-ல் சிற்றலை வானொலியைத் திருகும்போது மாஸ்கோ நிலையத்தில் இந்தக் குரல் காதில் விழுந்தது. அது என்னவென்று கண்டுபிடிக்கவே வருடக்கணக்கில் ஆனது. தானே பழகினார். 1995-ல் டூவாவின் தலைநகர் கிசிலுக்குப் போய், போட்டியில் கர்கிரா பிரிவில் வென்றார். செயலி இல்லாத காலம்!

கோவை ராத்திரிப் பறவை: தூக்கம் வர நல்ல இசை?

நான் தூக்கம் கலையத்தான் இசை கேட்கிறேன். அடுத்தவர்.

திருச்சிக்காரர்: பாலித் தீவு கேமலான் கேட்டேன். சுருதியே சேரவில்லை.

சேராததுதான் சேர்க்கை. உலோகத் தகடு வாத்தியங்கள் அங்கே ஜோடியாகத்தான் பிறக்கும். ஒன்றைவிட மற்றது வேண்டுமென்றே ஒரு நூல் கூடுதல். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி தண்ணீர் மாதிரி நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு ஓம்பாக், அதாவது அலை என்று பெயர். சுருதி கச்சிதமாகச் சேர்ந்துவிட்டால் அவர்களுக்கு அந்த வாத்தியம் செத்துப்போன மாதிரி. எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நெல்லை அன்பர்: கரண்டு சேர்ந்துவிட்டால் அது எப்படி நாட்டுப்புற இசை?

காங்கோ தலைநகர் கின்ஷாசாவின் கொனோனோ நம்பர் ஒன் குழுவிடம் கேட்க வேண்டிய கேள்வி. அவர்களுடைய வாத்தியம் லிகெம்பே: மரப்பெட்டி மேல் இரும்பு நாக்குகள், கட்டைவிரலால் மீட்டுவது. கிராமத்தில் அது போதும். நகரத்து இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பழைய கார் உதிரிபாகத்தின் காந்தத்தை எடுத்து ஒலிவாங்கி செய்தார்கள், குழாய் ஸ்பீக்கரில் மாட்டினார்கள். ஒலி கரகரத்தது. அந்தக் கரகரப்பையும் ஒரு வாத்தியமாகவே வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கொடையில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புரியாமல் போகாது.

ஈரோடு இசைப்பிரியன்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மேலே மதுரைத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெங்களூர் பாஸ்கரன்: ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது நம் சரண்ஜித் சிங். சிகாகோக்காரர்கள் திருடிவிட்டார்கள். இதைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?

நடக்காததைச் சொல்லத் தயக்கம்தான். ஆசிட் ஹவுஸ் என்பது சிகாகோவில் பிறந்த ஒரு மின்னணு நடன இசை. 1982-ல் பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு போட்டார். வாசித்தது ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுப் பெட்டிகளில்: பாஸ் எனும் அடிக்குரலுக்கு டிபி-303, தாளத்துக்கு டிஆர்-808. யமன் வரும், நம் கல்யாணி. மால்கௌன்ஸ் வரும், நம் ஹிந்தோளம். 303-ல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு, ராகத்துக்கு அது எப்படி உட்காரும் என்று நினைத்துப் பாருங்கள். தட்டு அன்று விலைபோகவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிகாகோ ஃப்யூச்சர் குழுவின் "ஆசிட் ட்ராக்ஸ்" 1987. பம்பாயிலேயே விற்காத தட்டு சிகாகோவுக்கு எப்படிப் போனது?

பெங்களூர் பாஸ்கரன்: ஐந்து வருடம் முன்னால் வந்திருக்கிறதே! வெள்ளைக்காரன் செய்தால் மட்டும் கண்டுபிடிப்பா?

ஃப்யூச்சர் குழு சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள். கோபப்படுவதற்கு முன் யார் என்று பாருங்கள். நடந்தது இதுதான்: 303 பாஸ் வாசிக்க ஆள் இல்லாத கிதார்க்காரர்களுக்காக வந்த பெட்டி. யாரும் சீந்தவில்லை, 1984-ல் உற்பத்தியே நின்றது. பழைய பொருளாக மலிவாகக் கிடைத்ததால் சிகாகோ பையன்கள் கைக்கு எட்டியது. குமிழ்களை வாசிக்கும்போதே திருகி அதைக் கத்த வைத்தார்கள். சிங் அதில் ராகம் தேடினார், இவர்கள் கத்தலைத் தேடினார்கள்.

தஞ்சை கவனிப்பாளர்: போன வாரம் நீங்களே, பதிவு செய்த ஒலியையே உருமாற்றி இசையாக்குவதை, பாரிஸ்காரர் ஷேஃபருக்கு முன்னால் எகிப்தியர் ஒருவர் செய்துவிட்டார் என்று எழுதினீர்களே. பாஸ்கரன் சொன்னால் மட்டும் தப்பா?

நல்ல பிடி! ஹலிம் எல்-தாப் 1944-ல் கெய்ரோவில் கம்பிப் பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கி, பெண்கள் ஆவி ஓட்டும் ஸார் சடங்கைப் பதிவு செய்து, அந்த ஒலியை உருமாற்றினார். ஷேஃபரின் ரயில் ஓசைப் படைப்பு 1948. எகிப்தியர் முந்தினார் என்றுதான் எழுதினேன். ஷேஃபர் திருடினார் என்று எழுதவில்லை. சிங் முந்தினார் என்று பாஸ்கரன் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

பெங்களூர் பாஸ்கரன்: சரி, முந்தினார். ஆனால் இந்தியாவின் முதல் மின்னணு இசை அவருடையதுதான்.

அதுவும் இல்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி, வந்து இறங்கிவிட்டது. நிறுவித் தந்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். 1972 வரை கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றோர் அதில் பதிவு செய்தார்கள். நாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, 2023-ல் தொகுப்பாக வெளிவந்தன. பெருமைக்கு ஏங்குகிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள். பாஸ்கரனுக்கு இன்று இவ்வளவுதான்.

வேலூர் ரசிகர்: வேர்ல்ட் மியூசிக் என்று தேடினால் போதாதா?

1987-ல் லண்டன் மதுக்கடை ஒன்றில் இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடையில் எந்த அலமாரியில் அடுக்குவது என்ற குழப்பத்துக்காக முடிவுசெய்த பெயர் அது. அலமாரியைத் தேடினால் அலமாரிதான் கிடைக்கும். ஊர்ப் பெயரைத் தேடுங்கள்.

கரூர் புதியவர்: வணக்கம் அக்கா, எங்கிருந்து ஆரம்பிக்க?

மேலே.

சேலம் வாசகி: அக்கா, விசில் வந்துவிட்டது! இரண்டே படிதான் ஏறுகிறது. அம்மா கதவைத் தட்டுகிறார்.

முதல் நாளே இரண்டு படியா! சுருதியை நன்றாக இறக்கிப் பிடியுங்கள். அடிச்சுரம் தாழ்ந்தால் மேலே படிகள் நெருங்கி வரும், இன்னும் இரண்டு மூன்று அகப்படும். அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு அப்புறம்.