இறங்கியதும் எந்தப் பக்கம்? – வாசகர் கேள்விகள்

வெளிநாட்டு விமான நிலையம் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். விமான நிறுவனம் ஒன்றில், வராத பெட்டிகளைத் தேடித்தரும் கவுன்ட்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவள் என்பதால், ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

கேள்வி: முதல் முறையாகத் தனியாக வெளிநாடு போகிறேன். அவ்வளவு பெரிய இடத்தில் வழி தவறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கூட்டம் போகும் பக்கமே போனால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பயப்பட வேண்டாம். ஆனால் நண்பர் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். துபாய், தோஹா, பிராங்க்பர்ட் மாதிரி இடங்களில் உங்களோடு இறங்குகிறவர்களில் பெரும்பகுதி அடுத்த விமானம் பிடிக்க ஓடுகிறவர்கள். அவர்கள் பின்னால் போனால் நீங்களும் இன்னொரு பாதுகாப்புச் சோதனை வரிசையில் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நிற்பீர்கள். அப்படி நின்றுவிட்டு, பெட்டி எடுக்க மிகத் தாமதமாக வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குள் பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டில் இருந்த பெட்டியை யாராவது இறக்கி ஓரமாக வைத்திருப்பார்கள். பெட்டியே வரவில்லை என்று என்னிடம் வந்து நிற்பார்கள்.

வந்திறங்கும் வழி பெரும்பாலும் ஒருவழிப் பாதைதான். முதலில் நீண்ட நடை, அப்புறம் இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ், வெளிவாசல். இதில் நீங்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் அந்த முதல் நடையில் வரும் பிரிவு ஒன்றுதான். 'அரைவல்ஸ்' அல்லது 'பேகேஜ் கிளெய்ம்' என்றால் ஊருக்குள் போகிறவர்களுக்கு. 'டிரான்ஸ்ஃபர்' அல்லது 'கனெக்‌ஷன்ஸ்' என்றால் அடுத்த விமானத்துக்கு. எழுத்து புரியாத நாட்டில் படத்தைப் பாருங்கள்: கீழ்நோக்கி இறங்கும் விமானமும், பெட்டியும் உங்களுக்கானவை.

நடுவில் ரயில் வந்தாலும் திகைக்காதீர்கள். லண்டன் ஹீத்ரோவின் 5ஆம் முனையத்தில் பி, சி கட்டடங்களில் இறங்கினால் ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏறித்தான் பிரதான கட்டடத்துக்கு வர வேண்டியிருக்கும். அட்லாண்டாவிலும் அப்படி ஒரு ரயில் உண்டு. கட்டணம் கிடையாது, டிக்கெட்டைத் தேடாதீர்கள். கழிப்பறைக்கு மட்டும் இமிகிரேஷன் வரிசையில் நிற்கும் முன்பே போய்வந்துவிடுங்கள். வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: இமிகிரேஷன் அதிகாரி என்னவெல்லாம் கேட்பார்? எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது.

எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். தங்கும் முகவரியையும் திரும்பும் டிக்கெட்டையும் காகிதத்தில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். இமிகிரேஷன் கூடத்தில் போனை எடுக்கக் கூடாது என்று பல நாடுகளில் போர்டே இருக்கும். போனில்தான் எல்லாம் இருக்கிறது என்று அங்கே போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கதை வேண்டாம், நகைச்சுவை வேண்டவே வேண்டாம். புரியவில்லை என்றால் தலையாட்டாமல், புரியவில்லை என்று சொல்லுங்கள். புரியாமல் போட்ட 'எஸ்' தான் ஆளைத் தனி அறைக்குக் கொண்டுபோகும்.

இன்னொன்று: பல நாடுகளில் வருகைப் படிவம் இப்போது இணையத்துக்கு மாறிவிட்டது. சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இணையப் படிவத்துக்கு வந்துவிட்டது. இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் பக்கம் வந்தால் அது அரசுப் பக்கம் அல்ல, மூடிவிடுங்கள்.

கேள்வி: நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறுகிறேன். பெட்டியை அங்கே எடுக்க வேண்டுமா?

பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். துபாய்க்கு டிஎக்ஸ்பி, சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன். அதில் உங்கள் கடைசி ஊர் இருந்தால், பொதுவாக பெட்டி தானே போய்விடும். அமெரிக்கா மட்டும் வேறு ரகம்: அந்த நாட்டில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைப்பதுதான் வழக்கம். டப்ளின், அபுதாபி மாதிரி சில இடங்களில் அமெரிக்கச் சோதனை ஏறும் முன்பே முடிந்துவிடும், அங்கிருந்து வருகிறவர்களுக்கு இந்த வேலை இல்லை. எதற்கும் செக்-இன் கவுன்ட்டரிலேயே வாய்விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எல்லோரும் பெட்டி எடுத்துப் போய்விட்டார்கள், என் பெட்டி மட்டும் வரவில்லை என்றால்?

இது என் சொந்தப் பேட்டை, கொஞ்சம் நீளமாகச் சொல்வேன்.

முதலில் பெல்ட்டின் மறுகோடியையும், கீழே இறக்கி வைத்திருக்கும் பெட்டிகளையும் பாருங்கள். அட்டைப்பெட்டி, குழந்தை வண்டி போன்றவை அளவு மீறிய சாமான்களுக்கான தனி வாசலில் வரும். அங்கேயும் இல்லை, பெல்ட்டும் நின்றுவிட்டது என்றால், கஸ்டம்ஸைத் தாண்டுவதற்கு முன்பே, அந்தக் கூடத்திலேயே இருக்கும் பேகேஜ் கவுன்ட்டருக்குப் போங்கள். வெளியே போய் உறவினரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போகிறவர்கள் உண்டு. அந்தக் கதவு பெரும்பாலும் உள்ளே திறக்காது.

கவுன்ட்டரில் புகார்ப் படிவம் போடுவார்கள், பிஐஆர் என்பார்கள். அதன் எண்ணோடு நகலை வாங்காமல் நகராதீர்கள். செக்-இன் செய்தபோது தந்த சிறு சீட்டில் 10 இலக்க எண் இருக்குமே, அதுதான் உங்கள் பெட்டியின் அடையாளம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் பெட்டி எப்படி இருக்கும் என்று கேட்டால், "கறுப்பா, சக்கரம் வெச்சு" என்பார்கள். அங்கே பாதிப் பெட்டி அப்படித்தான்! புறப்படும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும், 1999இல் உருவான மான்ட்ரியல் என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி, உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்கு, பெட்டி கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாக வைத்து இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. அது உச்சவரம்புதான், கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் தொகை இல்லை. மாற்றுடைக்குச் செலவழித்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் போடாதீர்கள்.

கேள்வி: அம்மா தனியாக வருகிறார். நன்றாக நடப்பார், ஆனால் தமிழ் மட்டும்தான் தெரியும். வீல்சேர் போட்டுவிடலாமா?

எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. நடக்கவே முடியாத பெரியவர்கள் வண்டிக்காக வாசலில் காத்துக் கிடப்பதைப் பார்த்தவள் நான். பல விமான நிலையங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு, கூட்டிப்போய் வெளியே விடும் சேவை உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே துணை தேவை என்று விமான நிறுவனத்திடம் கேட்டும் பார்க்கலாம். முழங்கால் வலி உண்மையிலேயே இருந்தால், தயங்காமல் வீல்சேரே போடுங்கள்.

எது செய்தாலும், உங்கள் பெயர், முகவரி, போன் எண், "இவர் தமிழ் பேசுவார்" என்ற ஒரு வரி, எல்லாவற்றையும் அந்த நாட்டு மொழியில் பெரிய எழுத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள். கஸ்டம்ஸில் தின்பண்டம், விதை, பால் பொருள் எது இருந்தாலும், சொல்ல வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போகச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இதில் கண்டிப்பு அதிகம். இருப்பதைச் சொன்னால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம்.

கேள்வி: நண்பர் கூட்டிப்போக வருகிறார். எங்கே நிற்கச் சொல்வது?

விமான எண்ணையும் முனைய எண்ணையும் அனுப்புங்கள், ஊர்ப் பெயர் மட்டும் போதாது. டோக்கியோ என்றால் எந்த விமான நிலையம், நரிடாவா, ஹனேடாவா? ஹீத்ரோவில் 4க்கும் 5க்கும் இடையே நடந்து போக முடியாது. 1ஆம் முனையத்தை 2015இலேயே மூடிவிட்டார்கள். விமான நிலைய வைஃபை சில இடங்களில் உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பும், சிம் வேலை செய்யாவிட்டால் அதுவும் கிடைக்காது. அதனால் சந்திக்கும் இடத்தைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொண்டு, அவர் எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள்.