சாலை கொடுத்த நேரம் (கடிதம்)

அன்புள்ள சார்,

ஒருநாளும் ஜெயிக்காதவர்கள் ஏன் விடாமல் விளையாடுகிறார்கள் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் சைக்கிள்காரர்களை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த வரிக்குள் நானும் இருப்பதால் எழுதுகிறேன்.

லீட்ஸில் மென்பொருள் வேலை. வயது 44. உள்ளூர் கிளப் ஒன்றில் சேர்ந்து, கோடையில் வாராவாரம் வியாழன் மாலை பத்து மைல் டைம் ட்ரையல் ஓட்டுகிறேன். ஐம்பது பேர் வந்தால் எனக்கு முப்பத்தைந்தாவது, நாற்பதாவது இடம். யாரையும் முந்தும் எண்ணம் இல்லை. என் பழைய நேரத்தைத்தான் துரத்துகிறேன். எங்கள் சாலையில் என் சிறந்த நேரம் 25 நிமிடம் 30 விநாடி. மூன்று சீசனாக அதிலேயே நிற்கிறது. இந்த ஜூலையில் நண்பர்கள் ஹல் பக்கத்தில் இருக்கும் வி718 சாலைக்குக் கூட்டிப்போனார்கள். 23:41! வண்டியை விட்டு இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுவாரம் கிளப்பில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர், “நீ எங்கே ஓட்டினாய், சாலை ஓட்டியது” என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து, மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரின் பதிவைப் பார்த்தேன். இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே வாட்தான். அதிலிருந்து அந்த எண்ணைப் பார்த்தாலே கூச்சமாக இருக்கிறது.

அந்த நேரம் என்னுடையதா, இல்லையா? இன்னொன்று, டிஸ்க் வீல் (கம்பிகளுக்குப் பதில் தட்டுப்போல மூடிய பின்சக்கரம்) வாங்கலாம் என்று இருக்கிறேன். “ஆயிரம் பவுண்டுக்கு இருபது விநாடியா?” என்கிறாள் மனைவி. நீங்கள் யார்க்‌ஷயரில் இருந்த காலத்தில் இந்தக் கூட்டத்தோடு சுற்றியவர் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ச., லீட்ஸ்

*

அன்புள்ள ச.,

பெரியவர் சொன்னது சரி. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கணக்குப்படி உங்கள் 25:30-ம் சாலை கொடுத்ததுதான். அவர் இளமையில் எடுத்து இன்றும் சொல்லித் திரியும் நேரம் ஒன்று கட்டாயம் இருக்கும். (அந்த ஊர்க் கிளப்புகளில் அப்படி ஒரு எண் இல்லாத கிழவரை நான் பார்த்ததில்லை.) அதுவும் அப்படித்தான்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். டைம் ட்ரையலில் எல்லோரும் சேர்ந்து கிளம்புவதில்லை. நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். ஒருவர் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்ள, நேரக் கணக்கர் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணி விடுவார். போய், ஒரு ரவுண்டானாவில் திரும்பி, வந்த வழியே வரவேண்டும். முன்னால் போகிறவரை எட்டிவிட்டால் தாண்டிப் போய்விட வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்குவது குற்றம். முடிந்ததும் கிராமத்துக் கூடத்தில் தேநீரும் கேக்கும். சுவரில் ஒரு பலகை, அதில் பெயரும் நேரமும்.

இந்த முறை வந்த கதையில் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. 1890-களில் இங்கிலாந்தில் சாலைப் பந்தயம் என்றாலே போலீஸ் தொல்லை. குதிரை மிரள்கிறது, வண்டி கவிழ்கிறது என்று புகார். சைக்கிள் சங்கமே பயந்து கூட்டமாக ஓடும் பந்தயத்தைக் கைவிட்டது. எஃப். டி. பிட்லேக் என்பவர் 1895 அக்டோபர் 5 அன்று நார்த் ரோடு கிளப்புக்காக ஐம்பது மைல் போட்டி ஒன்றை நடத்தினார். ஆட்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே விட்டார். பார்ப்பவருக்கு யாரோ ஒருவர் அவசரமாக எங்கோ போவதாகத்தான் தெரியும். பின்னால் வந்தவர்கள் இந்த ஒளிவுமறைவை இன்னும் இறுக்கினார்கள். விடியற்காலையில் புறப்பாடு. கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை. போட்டித் தாளின் மேல் ‘அந்தரங்கம்’ என்று அச்சடிப்பு. எந்தச் சாலை என்று வெளியே தெரியாமலிருக்க ஊர்ப்பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும். உங்கள் ‘வி718’ அந்த ரகசியத்தில் மிஞ்சியது.

பிரான்சிலும் இத்தாலியிலும் கூட்டமாக ஓட்டினார்கள். அங்கே யார் முதலில் வந்தார் என்பதுதான் பேச்சு, நேரத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் எதிராளியை ஒளித்துவைத்துவிட்டதால் கடிகாரம் எதிராளியாக வந்து உட்கார்ந்துகொண்டது. முப்பத்தெட்டாவது இடத்தில் வரும் உங்களுக்கும் துரத்த ஒன்று கிடைத்தது அதனால்தான். ஜெயிக்கக்கூடியவர் மட்டும்தான் விளையாட வரவேண்டும் என்ற கட்டாயத்தை இந்த ஏற்பாடு எடுத்துவிட்டது. உலக விளையாட்டுகளில் இது ஒரு பெரிய தாராளம் என்பேன்.

இனி எண்ணுக்கு வருவோம். ரே பூட்டி என்ற நாட்டிங்ஹாம்காரர். அமெச்சூர்தான். 1956 ஆகஸ்ட் 6, நல்ல வெயில் நாள், பாத் ரோடு 100 போட்டி. நூறு மைலை நான்கு மணிக்குள் யாரும் அதுவரை முடித்ததில்லை. இவர் 3 மணி 58 நிமிடம் 28 விநாடியில் வந்தார், அதுவும் கியர் மாற்ற வழியில்லாத ஃபிக்ஸட் சக்கரத்தில். சைக்கிள் உலகமே கொண்டாடியது. அதே ஆண்டு அவர் இன்னொரு நூறு மைல் ஓட்டினார். அது வேறு வகைச் சாதனை. திரும்பி வரவேண்டாம், ஒரே திசையில் போனால் போதும். பின்காற்று வீசும் நாளைப் பார்த்துக் கிளம்பலாம். அன்று 3 மணி 28 நிமிடம் 40 விநாடி. அதே மனிதர், அதே ஆண்டு, அதே நூறு மைல், கிட்டத்தட்ட அரைமணி வித்தியாசம். எந்த பூட்டி உண்மையான பூட்டி? சாதனைப் பதிவுக்காரர்கள் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. இரண்டு ஏடு வைத்து இரண்டையும் தனித்தனியே எழுதிக்கொண்டார்கள். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லப்போகிறேன். அதற்கு முன் காற்றைப் பார்த்துவிடுவோம்.

சமதளத்தில் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போகும்போது உங்கள் உழைப்பில் முக்கால் பங்குக்கு மேல் காற்றைத் தள்ளவே போகிறது. காற்றுக்குக் கொடுக்கும் வாட் வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். உங்கள் 25:30 என்பது மணிக்கு 37.9 கிலோமீட்டர், 23:41 என்பது 40.8. கேட்டால் மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அதே காற்றில், அதே உடல் வாகில் அந்த வேகத்தை எட்ட, காற்றுக்கு மட்டும் சுமார் 25 சதவீதம் கூடுதல் வாட் வேண்டும். நீங்கள் அதைக் கொடுக்கவில்லை என்று உங்கள் மீட்டரே சொல்கிறது. அப்படியானால் கொடுத்தது யார்?

முதலில், வெப்பம். எட்டு டிகிரி மாலையைவிட இருபத்திரண்டு டிகிரி நாளில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. பத்து மைலில் அதுவே சுமார் இருபது விநாடி. காற்றழுத்தம் இறங்கிய நாள் என்றால் இன்னும் சில விநாடி. அடுத்தது தளம். உங்கள் கிராமத்துச் சாலையில் மேடு, வளைவு, சந்திப்பு, சரளை. ஹல்லில் வழவழப்பான நான்குவழிச் சாலை. மூன்றாவதுதான் முக்கியம், அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வி718 அமைந்திருக்கும் ஏ63 நெடுஞ்சாலையில் லாரிகள் போகின்றன. ஒவ்வொரு லாரியும் தன்னோடு ஒரு காற்றோட்டத்தை இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் யார் பின்னாலும் ஒதுங்கவில்லை, விதியை மீறவில்லை. ஆனால் சாலையில் இருக்கும் காற்றே உங்களோடு சேர்ந்து நகர்கிறது. மார்சின் பியாவோபுவோட்ஸ்கி 2016-இல் இந்த வி718-இல்தான் பத்து மைலை 16 நிமிடம் 35 விநாடியில் முடித்தார். மணிக்கு 58 கிலோமீட்டர். அவர் கால் அசாதாரணமான கால், அதில் சந்தேகமில்லை. இருந்தும் அவர் உங்கள் வியாழக்கிழமைச் சாலைக்கு வந்து அதைச் செய்திருக்க முடியாது.

‘போகவர ஒரே சாலைதானே, காற்று சமன் ஆகிவிடும்’ என்று கிளப்புகளில் சொல்வார்கள். ஆகாது. எட்டு கிலோமீட்டர் எதிர்காற்றில் 35 வேகத்தில் போய், எட்டு கிலோமீட்டர் பின்காற்றில் 45-இல் வந்தால் சராசரி நாற்பது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில்லாத நாளில் நாற்பதிலேயே ஓட்டியவரைவிட இருபத்து மூன்று விநாடி பின்னால் இருப்பீர்கள். மெதுவான பாதியில் அதிக நேரம் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் எதிர்காற்றிலும் ஏற்றத்திலும் கொஞ்சம் கூட்டி மிதித்து, திரும்பி வரும்போது மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். நீங்கள் முழுக்க ஒரே வாட்டில் ஓட்டுகிறவர் என்றால் உங்கள் 25:30 மூன்று சீசனாக அசையாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆக, காற்று கொடுத்தால் வெட்கப்பட வேண்டுமா? ஒரு மணி நேரச் சாதனைக்காக (ஒரு மணியில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பது) எடி மெர்க்ஸ் 1972-இலும் பிரான்செஸ்கோ மோசர் 1984-இலும் மெக்சிகோ நகரத்துக்குப் போனார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகம், காற்று மெலிந்த இடம். மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர், மோசர் 51.151. அந்த எண்களை மெக்சிகோ ஓட்டியது என்று யாரும் சொல்லவில்லை. உலகச் சாம்பியன் விமானம் ஏறிப் போய்க் காற்றைத் தேர்ந்தெடுத்தால் அது திட்டமிடல், நீங்கள் நண்பரின் காரில் ஹல்லுக்குப் போனால் ஏமாற்றா? பெரியவரிடம் இதைக் கேளுங்கள். சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

நான் அதிகம் நம்புவது இன்னொரு கணக்கை. உங்கள் ஊரை ஒட்டிய மார்லியில் பெரில் பர்ட்டன் பெயரில் ஒரு சிறு தோட்டமும் சுவரோவியமும் உண்டு, பார்த்திருப்பீர்கள். ருபார்ப் பண்ணையில் வேலை செய்த பெண். கடைசிவரை அமெச்சூர். 1959 முதல் 1983 வரை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பெண்களில் ‘பிரிட்டனின் சிறந்த ஆல்ரவுண்டர்’ (பல தூரப் போட்டிகளின் சராசரி வேகத்தை வைத்துக் கொடுக்கும் பட்டம்). 1967-இல் நடந்த பன்னிரண்டு மணி நேரப் போட்டியில் ஆண்களுக்குப் பின்னால் பெண்களை விட்டார்கள். அன்றைய ஆண்களில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த மைக் மெக்னமாராவை பர்ட்டன் எட்டிப் பிடித்தார். தாண்டும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். மெக்னமாரா அன்று ஓட்டியது 276.52 மைல், ஆண்களுக்கான புதிய சாதனை. பர்ட்டன் ஓட்டியது 277.25. பெண்களில் அந்தத் தூரத்தை 2017 வரை யாரும் தாண்டவில்லை.

மிட்டாய்க் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் கவனிப்பது அந்த முக்கால் மைலை. அதே நாள், அதே சாலை, அதே வெயில், அதே காற்று. சாலை இருவருக்கும் ஒன்றுபோலத்தான் கொடுத்தது. அப்படிப்பட்ட வித்தியாசத்தை எந்தப் பெரியவராலும் கழித்துப் பேச முடியாது.

உங்களுக்கும் அது வாராவாரம் கிடைக்கிறது, நீங்கள் பார்ப்பதில்லை. கிளப்பில் உங்களைப் போலவே ஓட்டும் நான்கைந்து பேர் இருப்பார்கள். வியாழன்தோறும் வருகிறவர்கள், சைக்கிளை அடிக்கடி மாற்றாதவர்கள். உங்கள் நேரத்தோடு அவர்கள் நேரத்தையும் குறித்துவையுங்கள். மழையில் 26:40 ஓட்டிய அன்று அவர்களை அரை நிமிடம் முந்தியிருந்தால் அது 25:30-ஐவிட நல்ல ஓட்டம். கடிகாரம் அதைச் சொல்லாது. முப்பத்தெட்டாவது இடத்திலும் இந்த ஆட்டம் நடக்கும், யாரையும் முந்தும் எண்ணமில்லை என்று நீங்கள் எழுதியதை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

அத்தோடு பூட்டி வழியில் இரண்டு ஏடு. வியாழக்கிழமைச் சாலைக்கு ஒன்று, வேகச் சாலைகளுக்கு ஒன்று. 23:41 இரண்டாவது ஏட்டில் கூச்சமில்லாமல் இருக்கட்டும், ஓட்டியது நீங்கள்தான். நாற்பது தாண்டியவர்களுக்கான டைம் ட்ரையல் சங்கமும் அங்கே உண்டு. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு எதிர்பார்ப்பு நேரம் வகுத்து, அதைவிட எவ்வளவு முந்தினீர்கள் என்று பார்ப்பார்கள். உங்களுக்கு அது மூன்றாவது ஏடு.

வேகச் சாலைக்கு அடிக்கடி போகச் சொல்லமாட்டேன். விநாடிகளைக் கொடுக்கும் அதே லாரிதான் ஆளையும் அடிக்கிறது. அப்படிப்பட்ட சாலைகளில் டைம் ட்ரையல்காரர்கள் இறந்திருக்கிறார்கள். வாகனங்கள் இத்தனைக்கு மேல் போனால் அங்கே போட்டி கூடாது என்று டைம் ட்ரையல்களை நடத்தும் அமைப்பே வரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, ஞாயிறு அதிகாலையில், பின்விளக்கு எரியப் போய்வாருங்கள்.

டிஸ்க் வீல் விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம். பத்து மைலுக்கு இருபது விநாடி என்பதே தாராளமான மதிப்பு. காற்றை அதிகம் மறிப்பது சக்கரம் அல்ல, நீங்கள். கிரேம் ஓப்ரீ 1993-இல் மோசரின் சாதனையை முறித்தபோது கைகளை மடக்கி மார்புக்கடியில் வைத்திருந்தார், சொந்தமாகக் கட்டிய சைக்கிளில் வாஷிங் மெஷினின் பேரிங் இருந்தது. அவர் போன இடம் நார்வேயின் ஹாமார், அங்கே மெல்லிய காற்றெல்லாம் கிடையாது. அவ்வளவும் உடலை அடக்கிக்கொண்டதில் கிடைத்தது. அப்படி உட்காரும் நிலையைப் பின்னால் தடைசெய்துவிட்டார்கள், உங்களுக்கு அது வேண்டவும் வேண்டாம். ஏரோ பாரில் (முன்கைகளை வைத்துக் குனிந்து ஓட்ட உதவும் நீட்டுப் பிடி) முழங்கைகளைக் கொஞ்சம் நெருக்கி, தலையைத் தோளுக்குள் இறக்கி, அந்த நிலையில் இருபத்தைந்து நிமிடம் இருக்கப் பழகுங்கள். காசு செலவில்லை. அடுத்தது டயர். மட்டமான டயருக்கும் நல்ல டயருக்கும் உங்கள் வேகத்தில் பத்து, பதினைந்து வாட் வித்தியாசம் வரும். இரண்டும் சேர்ந்து நூறு பவுண்டுக்குள் முடிந்துவிடும்.

டிஸ்க் ஆசை அப்போதும் அடங்கவில்லை என்றால், இருக்கிற பின்சக்கரத்தின் மேலேயே மாட்டும் பிளாஸ்டிக் மூடி விற்கிறார்கள். நூறு பவுண்டு அளவில் கிடைக்கும், உங்கள் கிளப் போட்டிகளில் அதற்குத் தடை இல்லை. மாட்டும் முன் வால்வுக்குக் காற்றடிக்க வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புறப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு வளைந்த பம்ப் முனைக்காக ஆள் ஆளாய்க் கேட்க வேண்டிவரும்.