போலந்து யூதர்களின் வேர்களைத் தேடும் வழி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் போலந்தின் யூதக் குடியிருப்புகள் அடியோடு அழிக்கப்பட்டன. அப்படியிருக்க, அதற்கு முன்பே அங்கிருந்து அமெரிக்கா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரை எவ்வாறு கண்டறிகிறார்கள்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மனிதர்கள் அழிக்கப்பட்ட அளவுக்கு ஏடுகள் அழியவில்லை என்பது நெஞ்சைப் பிசையும் உண்மை. போருக்கு முன் அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 33 லட்சம் யூதர்களில் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். வார்சா நகரத்து யூதப் பதிவுகளில் பெரும்பகுதியும் போரில் அழிந்தது. ஆனால் மற்ற பல ஊர்களின் பதிவேடுகள் தப்பின. நெப்போலியன் உருவாக்கிய வார்சா சிற்றரசில் 1808 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை ஊரிலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் வைக்கும் முறை இருந்ததால், ஒரு படி எரிந்த இடத்தில் மற்றொரு படி பிழைத்த நேர்வுகள் உண்டு. 1826 முதல் யூதர்களுக்குத் தனி ஏடுகளே எழுதப்பட்டன.

அந்தப் பதிவுகள் வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல. ஒரு தையற்காரர் இரண்டு சாட்சிகளுடன் நேரில் வந்து, தம் வயதையும் தொழிலையும் கூறி, தமக்குப் பிறந்த குழந்தையைக் காட்டிப் பெயரை அறிவித்தார் என்று ஒவ்வொரு பதிவும் முழு வாக்கியங்களில் செல்லும். அப்பகுதி பின்னர் ரஷ்ய ஆளுகைக்குள் வந்ததால், 1868-க்குப் பிறகு அவை ரஷ்ய மொழியில் உள்ளன. அந்த ரஷ்ய எழுத்துகளுக்குக் கீழே தந்தையின் கையொப்பம் எபிரேய எழுத்துகளில் இருப்பதையும் காணலாம். முன்னோர் ஒருவரின் கையெழுத்தை முதன்முறையாகக் காண்பதற்காகவே இத்தனை பாடும் படலாம் என்று நான் கருதுகிறேன்.

தேடலை ஊரின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். 1795 முதல் 1918 வரை, நெப்போலியன் காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக, போலந்து ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா ஆகிய மூன்று அரசுகளிடையே பிரிந்து கிடந்ததால், கப்பல் பயணப் பட்டியலில் பிறந்த நாடு ரஷ்யா என்றோ ஆஸ்திரியா என்றோ எழுதப்பட்டிருக்கலாம். ஊர் உறுதியானால், 100 ஆண்டு கடந்த பிறப்புப் பதிவுகளையும், 80 ஆண்டு கடந்த திருமண, இறப்புப் பதிவுகளையும் அரசு ஆவணக் காப்பகங்களில் தேடலாம். அவற்றில் கணிசமானவை இணையத்திலேயே கிடைக்கின்றன. வார்சாவிலுள்ள யூத வரலாற்று நிறுவனமும் இதற்கு உதவுகிறது.

கேள்வி: ஒரே பெற்றோரின் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயர்களில் பதிவாகியிருப்பதாகச் சொல்கிறார்களே, ஏன்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆஸ்திரியாவின் ஆளுகையிலிருந்த போலந்துப் பகுதியான கலீசியாவில் இது மிகச் சாதாரணம். சமய முறைப்படி மட்டும் மணந்து, அரசிடம் பதியாத தம்பதியரின் குழந்தைகளை அதிகாரிகள் தாயின் குடும்பப் பெயரிலேயே எழுதினார்கள். பின்னர் பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்தால், அதற்குப் பின் பிறந்தவர்கள் தந்தையின் பெயரைப் பெற்றார்கள். ஆகவே குடும்பப் பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் உடன்பிறந்தவர்களையே தவறவிட நேரும். பெற்றோர் இருவரின் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பானது.

கல்லறைக் கற்களும் இங்கே துணைநிற்கும். அவற்றில் குடும்பப் பெயர் இல்லாமல் இருக்கலாம்; ஆனால் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தந்தையின் பெயர் பொதுவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். விரித்த இரு கைகள் குருமார் மரபினரையும், நீர்க்குடுவை அக்குருமாருக்குத் துணைநின்ற லேவி மரபினரையும் குறிக்கும். கொல்லப்பட்டவர்களைப் பற்றி உறவினர்கள் எழுதிக் கொடுத்த சாட்சியப் படிவங்களை எருசலேமிலுள்ள யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷெம் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் எழுதிக் கொடுத்தவரின் பெயரும் உறவுமுறையும் இருப்பதால், அதைப் பின்தொடர்ந்து உயிருடனிருக்கும் உறவினரை அடைந்தவர்களும் இருக்கிறார்கள்.