கடைசிக்காலப் பராமரிப்பும் நர்ஸ் பயிற்சியும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் அந்திமகாலப் பராமரிப்பும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கேள்வி கேளுங்கள் என்றேன், நிறையவே வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பெருந்துறை, ஸ்டாஃப் நர்ஸ்: மருந்து எழுதுவது டாக்டர். இதில் நர்ஸுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?

எழுதுவது டாக்டர்தான். ஆனால் அந்த மருந்து போதவில்லை என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண்டுபிடிப்பது யார்? லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (கடைசிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், அப்புறம்தான் டாக்டர். வலி உடம்போடு நிற்பதில்லை, மனசு, குடும்பம், பணம், நம்பிக்கை எல்லாவற்றிலும் இருக்கிறது என்று சொன்னவர் அவர்.

நம்ம ஊர்ப் பெரியவர்களிடம் “வலிக்குதுங்களா?” என்று கேட்டால் “பரவால்லீங்க” என்றுதான் பதில் வரும். சார்ட்டில் ‘வலி இல்லை’ என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் கேட்டாலும் பலருக்குப் பிடிபடாது. “முழு வலி பத்து ரூபாய்னா, இப்ப எத்தனை ரூபாய்க்கு வலிக்குதுங்க?” என்று கேட்டுப் பாருங்கள். சந்தைக்குப் போய்ப் பழகியவர் “ஏழு இருக்குங்க” என்பார். அதை பிபி மாதிரி ஒவ்வொரு தடவையும் சார்ட்டில் எழுத வேண்டும். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

கோவை, பி.எஸ்சி. நர்சிங் மாணவி: “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க” என்று மகன் கையைப் பிடித்துக்கொள்கிறார். அப்பாவோ என்னிடமே கேட்கிறார். என்ன செய்ய?

இதற்குத்தான் பயிற்சியில் அதிக நேரம் ஒதுக்குவேன். ஸ்லைடு போட்டு இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. ஒருத்தர் நோயாளி, ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் மகன் என்று நடித்துப் பார்க்க வேண்டும், அதுவும் நம்ம ஊர்ப் பேச்சிலேயே. இங்கிலீஷில் நடித்தால் எல்லோரும் நல்ல நர்ஸ்தான்!

நோயாளியாக நடிப்பவர், “ஏன் அம்மிணி, நான் தேறிக்குவனா?” என்று கேட்பார். முதல் தடவை எல்லோருமே “எல்லாஞ் சரியாயிருங்க, பயப்படாதீங்க” என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அதற்குப் பதில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “ஏனுங்க, இன்னைக்கு அப்படிக் கேக்கறீங்க?” என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். “உடம்பு எனக்குத் தெரியாதா... தோட்டத்துப் பாகத்தைப் பேசி முடிக்கோணும்” என்று அவரே ஆரம்பிப்பார். மகன் மறைக்கிற விஷயம் பாதிக்கு மேல் அவருக்கே தெரிந்திருக்கும்.

மகனிடம் தனியாகப் பேசுங்கள். அவர்மேல் கோபப்பட வேண்டாம், பாசத்தில்தான் மறைக்கிறார். “நானா எதுவும் சொல்ல மாட்டேங்க. ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும். அப்பா என்ன கேட்டார் என்று டாக்டரிடம் போய்ச் சொல்வது உங்கள் வேலை.

திருப்பூர், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ்: மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிறார்கள். நாலு மணி நேரத்துக்கொரு தரம் மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) யார் கொடுப்பது?

வழக்கமான நேரம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு என்பதால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். உங்களுக்குச் சிக்கல் பகல் 10-ம் 2-ம் தான். பக்கத்து வீட்டில் நம்பகமான ஒருவரைக் கேட்டு, நேரம் எழுதிய தனித்தனிப் பொட்டலமாகக் கொடுத்துவைக்கலாம். அளவு நிலைப்பட்டதும் 12 மணி நேரத்துக்கு ஒன்று போடும் மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நுணுக்கிக் கொடுக்கக் கூடாது.

மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். குமட்டல் சில நாளில் பழகிப்போகும், மலச்சிக்கல் பழகாது.

கோபி, கிராம சுகாதார செவிலியர்: மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று ஊரே சொல்கிறது.

சிறிய அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துக் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. கடைசி நேரத்தில் மட்டும் கொடுத்துப் பழகியதால் வந்த பேச்சு இது. எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே என்றால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சட்டச் சிக்கலும் முன்பு மாதிரி இல்லை. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் திருத்தம் வந்தபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை மார்ஃபினை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பொள்ளாச்சி, நர்ஸ்: கடைசி நாட்களில் சொந்தக்காரர்கள் “குளுக்கோஸாவது ஏத்துங்க” என்று சண்டைக்கு வருகிறார்கள்.

பட்டினி போட்டுவிட்டோம் என்று ஊர் பேசுமோ என்ற பயம்தான் அந்தச் சண்டைக்குப் பின்னால் இருக்கிறது. உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி தானாகவே அடங்கிவிடும், ஏற்றுகிற தண்ணீர் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் சேரும். இதை விளக்கியதோடு நிறுத்தாமல் அவர்கள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஈரப்பஞ்சால் வாயைத் துடைக்கலாம், உதட்டில் வெண்ணெய் தடவலாம். பால் ஊற்றும் வழக்கத்தைத் தடுக்க வேண்டாம். டம்ளரில் ஊற்றினால் புரையேறும், அதனால் பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கச் சொல்லுங்கள். பேத்தி வைத்தாலும் சரி, மகன் வைத்தாலும் சரி, அது பால் ஊற்றியதுதான்.

தொண்டையில் கரகர சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சளியை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயை ஆழமாக விட வேண்டாம். தேவைப்பட்டால் சளியைக் குறைக்கும் ஊசியை டாக்டர் எழுதுவார்.

நாமக்கல், ஹோம் நர்ஸ்: புற்றுப்புண் நாற்றம், புழு. பக்கத்திலேயே போக முடியவில்லை.

நாற்றத்துக்கு: புண்ணைக் கழுவியபின் மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கி மேலே தூவிக் கட்டுங்கள். புழுவுக்கு: டர்பென்டைனில் நனைத்த துணியைப் புண்ணின் வாயருகே பிடித்தால் புழு வெளியே வரும், ஃபோர்செப்ஸால் எடுத்துவிடலாம். புண்ணுக்குள் ஊற்றக் கூடாது. முகத்தைச் சுளிக்காமல் இருப்பதும் ஒரு பயிற்சிதான்.

தாராபுரம், நர்ஸ்: முறையாக எங்கே படிப்பது?

இந்திய வலி நிவாரணப் பராமரிப்புச் சங்கம் நர்ஸ்களுக்கும் சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது. நேரில் பார்த்துப் பழக வேண்டுமென்றால் நமக்குப் பக்கம், இதற்கான பயிற்சி மையம் இருக்கும் கோழிக்கோடுதான், கோவையில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம். அரசுப் பணியில் இருந்தால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய் வலி நிவாரணப் பராமரிப்பு செய்கிறார்கள். உங்கள் வட்டாரத்து நர்ஸுடன் ஒரு வாரம் கூடப் போக அனுமதி கேளுங்கள். சான்றிதழை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.