அப்பப்பாவின் றங்குப்பெட்டி

போன இதழில் "பழைய கடிதங்களை எரிக்காதீர்கள், எனக்கு எழுதிக் கேளுங்கள்" என்று நாலு வரி எழுதியிருந்தேன். தபாற்காரர் இப்போது என் வீட்டு வாசலில் மணி அடித்தே களைத்துவிட்டார். பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் சுவடிப் பகுதியில் 28 வருடம் இருந்துவிட்டு, மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டோடு இருப்பவள் நான். எல்லோருக்கும் இங்கே பதில் எழுத இடமில்லை. சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எங்கள் அப்பப்பா தலைமை ஆசிரியராக இருந்தவர். அவருடைய றங்குப்பெட்டியில் டயறிகள், கடிதங்கள், பள்ளிக்கூட நாடகப் பிரதிகள், வீட்டுக் கணக்குக் கொப்பிகள் எல்லாம் இருக்கின்றன. பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க விரும்புகிறோம். சித்தப்பா, "குப்பையைக் கழித்துவிட்டு நல்லதைக் கொடுப்போம்" என்கிறார். எதைக் கழிக்கலாம்?
— வாசகி, களுவாஞ்சிகுடி

ஒன்றையும் கழிக்க வேண்டாம். முதலில் சித்தப்பாவைப் பெட்டிக்குள் இருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள்.

அவர் குப்பை என்று சொல்வது அந்தக் கணக்குக் கொப்பிகளைத்தானே? எனக்குத் தெரியும், எல்லா வீட்டிலும் அதுதான் முதலில் அடுப்புக்குப் போகும். நாடகப் பிரதியைப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். ஆனால் நாடகத்துக்கு இன்னொரு பிரதி வேறொருவரிடம் இருக்கக்கூடும். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்துக் கூரை போன பிறகு உங்கள் அப்பப்பா கிடுகு என்ன விலைக்கு வாங்கினார், யாரிடம் கைமாற்று வாங்கினார், எத்தனை மாதத்தில் திருப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் அந்தக் கொப்பியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. மனிதர்கள் டயறியில் கொஞ்சம் நடிப்பார்கள். கணக்குக் கொப்பியில் நடிக்க முடியாது.

இன்னொன்று, அடுக்க வேண்டாம். இதை நான் அடிபட்டுப் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு நாடகக்காரரின் கடிதங்கள் எட்டுச் சொப்பிங் பைகளில் வந்தன. சணல் கயிற்றால் கட்டுக் கட்டாகக் கட்டியிருந்தார்கள். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. எல்லாக் கட்டையும் அவிழ்த்து, திகதி வாரியாக மூன்று கிழமை இருந்து அடுக்கினேன். பொறுப்பாளர் லீவு முடிந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "பிள்ளை, எது எந்தக் கட்டில் இருந்தது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது, ஒரு கட்டு ஒரு நாடகம். அந்த நாடகத்துக்கு வந்த கடிதம், மேடைக்கு வாங்கிய துணியின் பில், நடித்த பிள்ளையின் தகப்பன் எழுதிய முறைப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு கட்டு. பாதிக் கடிதங்களில் திகதியே இல்லை. "செவ்வாய்" என்று மட்டும் இருக்கும். கட்டுக்குள் இருந்தபோது எந்தச் செவ்வாய் என்று தெரிந்தது. நான் அவிழ்த்த பிறகு அது யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஒருவர் தன் தாள்களை எப்படி வைத்திருந்தாரோ அந்த ஒழுங்கும் அவர் எழுதியதுதான். சுவடிக்காரர் உலகம் முழுக்கப் பிடித்திருக்கும் விதி அது. எனக்கு யாரும் முதலே சொல்லித்தரவில்லை என்று சாட்டுச் சொல்லலாம், நானும் கேட்கவில்லையே.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: பெட்டியைத் திறந்தவுடன் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் எடுக்குமுன் இன்னொரு படம். றப்பர் பாண்ட் போட்டிருந்தால் அது உருகித் தாளில் ஒட்டியிருக்கும். வரக்கூடியதை மட்டும் மெல்ல எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்க வேண்டாம், நூலகத்தில் பார்த்துக்கொள்வார்கள். புகைப்படங்களில் இருப்பவர்கள் யார் என்று அப்பாச்சி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பெயர்களைப் படத்தின் பின்னால் பேனையால் எழுதாமல், தனித் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

கொடுக்கும்போது, தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் காரில் வந்தார், கொடுத்துவிட்டோம் என்று இருக்கக்கூடாது. ஒரு வீட்டில் அப்படிக் கொடுத்த பெட்டி அவர் மாற்றலாகிப் போனபோது அவரோடேயே போய்விட்டது. அவர் திருடவில்லை. அது நூலகத்தின் பொருள் என்று எங்கும் பதியவில்லை, அவ்வளவுதான். என்ன கொடுத்தீர்கள், நன்கொடையா பாதுகாப்புக்கா, யார் பார்க்கலாம் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட தாள் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். பதிவிலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை பெட்டியை நிலத்தில் வைக்க வேண்டாம், வெளிச்சுவரோடு ஒட்டியும் வேண்டாம். மாரி வருகிறது. காற்றில் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும், நம் ஊரில் கார்த்திகை மார்கழியில் அது தாண்டாத நாள்தான் அபூர்வம். மழை இல்லாத நாளில் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்க வேண்டாம்.

காணி உறுதிகள், பழைய சான்றிதழ்களை லமினேட் செய்து வைக்கலாமா?
— கல்முனை வாசகர்

வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. செலோடேப்பும் அப்படித்தான், நாலு வருடத்தில் மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டு விழுந்துவிடும். அளவான உறையில் மடிக்காமல் போட்டு வையுங்கள்.

எங்கள் கண்ணகை அம்மன் கோயிலில் பரம்பரையாக ஓர் ஏடு இருக்கிறது. வைகாசியில் அம்மனுக்குச் செய்யும் குளிர்த்திச் சடங்குக்கு அதைப் பார்த்துத்தான் படிப்போம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் "பாதுகாப்பாக நூலகத்தில் வைக்கிறோம், தாருங்கள்" என்கிறார்கள். ஊரில் விருப்பமில்லை. நாங்கள் பிழையா?
— வண்ணக்கர் (கோயில் பொறுப்பாளர்) ஒருவர்

பிழை இல்லை. நூலகக்காரியாக இருந்துகொண்டு சொல்கிறேன், நான் ஊரின் பக்கம்.

பரணில் கறையான் தின்னும் ஏடு வேறு, வைகாசிக்கு வைகாசி மடியில் வைத்துப் படிக்கும் ஏடு வேறு. குளிர்த்தியில் படிக்கும் கண்ணகி வழக்குரைக் காவியத்தைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். அச்சு வந்துவிட்டதே, இனி ஏடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஏடுகள் ஊருக்கு ஊர் வித்தியாசப்படும்; உங்கள் ஊரார் ஒரு சொல்லை வேறுமாதிரிப் படிப்பதற்கு உங்கள் ஏட்டில் காரணம் இருக்கலாம். அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த வருடம் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பீர்கள், ஊரின் சொல் போய்விடும்.

ஆனால் கொடுக்கமாட்டோம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். படம் எடுக்க விடுங்கள். சடங்குக்காகக் கதவு திறந்திருக்கும் நாட்களில் அவர்கள் கோயிலுக்கே வரட்டும், பூசை செய்யும் கட்டாடியார் தன் கையால் ஒவ்வொரு ஏடாகப் புரட்டட்டும், இரண்டு பக்கமும் எடுக்கட்டும். பிரதி ஒன்று கோயிலுக்கு, ஒன்று நூலகத்துக்கு. வெளியில் போடலாமா கூடாதா என்பதை ஊர் தீர்மானித்து எழுத்தில் கொடுக்கட்டும். கடல் ஒருநாள் ஊருக்குள் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்.

ஏட்டை நீங்களாகக் கழுவவோ, எழுத்துத் தெரியவில்லை என்று விளக்குக் கரி பூசவோ வேண்டாம். அந்தக் காலத்தில் பூசினார்கள்தான், ஆனால் அவர்களுக்கு ஓலையின் பதம் தெரியும். காய்ந்த ஓலை வளைத்தால் முறியும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். படம் எடுத்த பிறகு வாசிக்கப் பழக ஓர் இளைஞரையும் கூட வையுங்கள்: பழைய ஏட்டில் புள்ளி இராது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். பாட்டைக் காதால் கேட்டவர்தான் கண்ணால் வாசிக்கலாம். அதுவும் உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

உம்மாவின் வாப்பா தறி வைத்திருந்தவர். அவர் எழுதிய கொப்பி ஒன்று கிடைத்தது, முழுக்க அரபு எழுத்து. வெளியூர் ஆலிம் ஒருவரிடம் காட்டினேன். "இது அரபு இல்லை, ஒன்றும் விளங்கவில்லை" என்றார். என்ன பாஷை இது?
— மருதமுனை வாசகர்

தமிழ்! சத்தமாக வாசித்துப் பாருங்கள் தம்பி. அது அரபுத்தமிழாகத்தான் இருக்க வேண்டும், அரபு எழுத்தில் எழுதிய தமிழ். ப, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லை என்பதால் இருக்கும் எழுத்திலேயே புள்ளி கூட்டி வைத்துக்கொண்டார்கள். அதனால் அரபு மட்டும் படித்தவருக்குக் கண் தடுக்கும். உங்கள் வீட்டில் வயதான உம்மா யாராவது குர்ஆன் ஓதத் தெரிந்தவராக இருந்தால் பக்கத்தில் இருந்து எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள், காதில் தமிழ் விழும்.

நூலகத்துக்குக் கொண்டுபோனால் "அரபுத்தமிழ்" என்று பட்டியலில் எழுதச் சொல்லி நின்று பார்த்துவிட்டு வாருங்கள். "அரபு நூல்" என்று எழுதி வைத்து, பக்க எண்ணையும் இடப்பக்கத்திலிருந்து போட்ட கொப்பிகளை நான் கண்டிருக்கிறேன். முதல் பக்கம் கடைசிப் பக்கமாகி, அதைத் தேடி வந்த ஆய்வு மாணவி அந்தப் பட்டியலில் அதைக் காணவே இல்லை.

ஒரு கவிஞர் என் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. நூலகத்துக்குக் கொடுக்குமுன் முகநூலில் போடலாமா?
— அக்கரைப்பற்று வாசகர்

தாள் உங்களுடையது, அதில் உள்ள வரிகள் கவிஞருடையவை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் வாழும் காலமும் அவர் மறைந்து 70 வருடமும் உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். 1947இல் மறைந்த காரைதீவு விபுலாநந்த அடிகளின் கடிதம் என்றால் அந்தத் தடை தாண்டிவிட்டது. மற்றவர்களுக்குப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். கடன் கேட்டு எழுதியது, வீட்டுச் சண்டையை எழுதியது எல்லாம் அதில் இருக்கும். அப்படிப்பட்டதைத் தனி உறையில் போட்டு, "இன்ன வருடம் வரை திறக்கக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தால் நல்ல நூலகம் ஏற்றுக்கொள்ளும். கிழித்துவிட்டுக் கொடுப்பதைவிட அது மேல்.

எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. 2004 சுனாமியில் எல்லாம் போய்விட்டது. அப்பா ஊர்ச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓயாமல் எழுதியவர். ஒரு தாளும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் இந்தப் பகுதியை வாசித்து என்ன செய்வது?
— வாசகி, மட்டக்களப்பு

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன் தங்கச்சி.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அப்பா எழுதிய கடிதங்கள் உங்கள் வீட்டில் இருந்திருக்காது. உங்கள் வீட்டில் இருந்தவை அவருக்கு வந்தவை. அவர் எழுதியவை யாருக்குப் போயினவோ அவர்களிடம் இருக்கும். செயலாளர் என்றால் பிரதேச செயலகத்துக்கு, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு), பள்ளிக்கூட அதிபர்களுக்கு, கோயில்களுக்கு எழுதியிருப்பார். வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், அந்தக் காலத்தில் நீல நிற விமானத் தபால் போகாத வீடு ஏது? அவர்களில் ஒருவராவது எறியாமல் வைத்திருப்பார். ஒரு கொப்பியில் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். சங்கத்தில் கூட இருந்தவர்கள் யார், எந்த வருடங்களில், அப்பா யாருக்கு எழுதுவார், பெட்டியில் என்னென்ன இருந்ததாக ஞாபகம் என்று எல்லாவற்றையும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் எழுதுங்கள். அவர்களிடம் இருப்பதைத்தான் அவர்கள் பிள்ளைகள் வாசிக்கத் தெரியாமல் எறிந்துவிடுவார்கள். கொப்பி பாதி நிறைந்ததும் எனக்கு எழுதுங்கள், நூலகத்துக்குக் கூடவே வருகிறேன்.