பல்கேரியா மருத்துவ சீட்டுக்கு முன்னால் மகளுடைய நோட்டைப் பாருங்கள்

போன சனிக்கிழமை தெற்கு லண்டன் குராய்டனிலிருந்து ஆலோசனை கேட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் சம்மதத்தோடு, ஆள் தெரியாதபடி பொதுவில் போடுகிறேன். இதே தலைவலியோடு இன்னும் நாலு வீடு இருக்கும்.

மருத்துவத்துக்கு விண்ணப்பித்த நான்கு பல்கலைக்கழகங்களும் உங்கள் மகளைக் கைவிட்டன. மதுரையிலிருந்து பெரியப்பா, பல்கேரியாவில் மருத்துவ சீட் வாங்கித் தரும் ஏஜென்ட்டின் எண்ணை அனுப்பிவிட்டார். மகளோ, பப் மாடியில் பேண்டுகளுக்கு, அதாவது இசைக்குழுக்களுக்கு, நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கும் வேலைதான் வேண்டும் என்கிறாள். நீங்கள் அழுதீர்கள். "எல்லாம் சரியாகும் மேடம்" என்றேன். அது சும்மா சொன்னது. இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

பல்கேரியா வேண்டாம். ஏஜென்ட் தாளில் வருடக் கட்டணம் 8,500 யூரோ என்று இருக்கிறது. ஆறு வருடத்துக்கு 51,000, தங்குவதும் சாப்பிடுவதும் தனி. இங்கிலாந்து அரசின் மாணவர் கடன் அந்தப் படிப்புக்குக் கிடைக்காது. அதனால்தான் உங்கள் கணவர் வீட்டை மறு அடமானம் வைக்கும் பேச்சை எடுத்தார். விருப்பமில்லாத பெண்ணின் படிப்புக்காக, குடியிருக்கும் வீட்டை வங்கியிடம் நீட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பார்மசி, ஆப்டோமெட்ரி, அக்கவுண்டன்சி எல்லாம் உங்கள் வாட்ஸாப் குழுவுக்கே மனப்பாடம். நான் வேறு சொல்ல வேண்டுமா?

நீங்கள் பாத்ரூம் போயிருந்தபோது அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை அவள் நடத்திய நிகழ்ச்சியின் கணக்கு: 63 பேர், டிக்கெட் 8 பவுண்டு, வரவு 504. சவுண்ட் இன்ஜினியருக்கு 120, அறை வாடகை 100, முதலில் வாசித்த இரண்டு பேண்டுகளுக்குத் தலா 50. மீதி 184. அதில் எழுபது சதவீதம் கடைசியாக வாசித்த பேண்டுக்கு என்று பேச்சு. 128.80 வருகிறது, 130 ஆகக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நின்றது 54. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'டிரம்மர் பாலைத் தொடமாட்டார்'. பதினெட்டு வயதில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த வேலை செய்பவருக்கு 'புக்கர்' என்று பெயர். கிளப் என்றதும் உங்கள் மனதில் வருவது குடியும் ஆட்டமும். புக்கருக்கு அது பெரும்பாலும் ஈமெயில், காலண்டர், கூட்டல் கழித்தல். ஒரு தேதியைக் கேட்கும் முதல் பேண்டுக்கு 'முதல் ஹோல்ட்', அதாவது அந்தத் தேதியைப் பிடித்து வைக்கும் முதல் உரிமை, அடுத்து கேட்பவருக்கு இரண்டாவது. இரண்டாமவர் உறுதியாக வரத் தயார் என்றால் முதலாமவர் சீக்கிரம் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தேதி கைமாறும். நிச்சயத் தொகையா, வாசல் வசூலில் பங்கா என்பது அடுத்த பேரம். அப்புறம்தான் உண்மையான கேள்வி: யாருக்கும் பெயர் தெரியாத இந்தப் பேண்டைக் கேட்க அறுபது பேர் மழையில் வருவார்களா? அதற்கு ஃபார்முலா இல்லை, காது வேண்டும்.

அந்தக் காது என்ன செய்யும் என்பதற்கு ரூத் போல்ஸ்கியைச் சொல்வேன். 1970களின் முடிவில் பங்க் என்ற முரட்டு ராக் இசை அடங்கி, இங்கிலாந்தில் போஸ்ட் பங்க் என்று ஒரு புது அலை கிளம்பியது. நியூயார்க்கில் ஹுர்ரா, பிறகு டான்ஸிடீரியா என்ற கிளப்புகளுக்கு அந்த அலையின் பேண்டுகளைப் பிடித்துக் கொடுத்தவர் இவர். அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் பேண்டுக்கு ஒரே ஒரு ராத்திரியின் பணம் விமான டிக்கெட்டுக்கே காணாது. மற்ற ஊர்களையும் கோத்துப் பயணமாக்கினால்தான் கட்டுப்படியாகும். போல்ஸ்கி அதையும் செய்தார். மான்செஸ்டர் பேண்டான ஜாய் டிவிஷன் 1980 மே மாதம் அமெரிக்கா வர ஏற்பாடு செய்திருந்தார். கிளம்பும் நேரத்தில், மே 18 அன்று, பாடகர் இயன் கர்டிஸ் இறந்துபோனார். மிச்சமிருந்த மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் அந்த செப்டம்பரிலேயே வந்தார்கள். நியூயார்க்கில் அவர்களுடைய வாத்தியங்கள் திருடு போயின. ஆனாலும் ஹுர்ராவில் வாசித்தார்கள். 1983 டிசம்பர் 31 அன்று தி ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்து பேண்டு அமெரிக்காவில் முதன்முதலாக வாசித்ததும் டான்ஸிடீரியாவில்தான். பாடகர் மோரிசி மேடையிலிருந்து விழுந்தார். மேடையில் போல்ஸ்கி இல்லை. ஆனால் அந்த மேடை இருந்ததே அவரைப் போன்றவர்களால்.

நீங்கள் இணையத்தில் தேடுவீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். போல்ஸ்கி 1986 செப்டம்பரில் லைம்லைட் என்ற நியூயார்க் கிளப்பின் வாசலில் டாக்ஸி மோதி இறந்தார், முப்பதுகளின் தொடக்கத்திலேயே. அது சாலை விபத்து. பெரியப்பாவிடம் வேறு மாதிரி சொல்லாதீர்கள்.

பழங்கதை என்பீர்களானால், உங்கள் வீட்டுப் பக்கம் 109 பஸ்ஸில் ஏறி பிரிக்ஸ்டனில் இறங்குங்கள். பிளென்ஹைம் கார்டன்ஸில் 'விண்ட்மில்' என்ற பப் இருக்கிறது. 150 பேர் நின்றால் நிரம்பிவிடும். கூரைமேல் நாய் வளர்த்துப் பேர் வாங்கிய இடம். அங்கே டிம் பெரி என்ற புக்கர் மேடை கொடுத்து வளர்த்த பேண்டுகளில் ஷேம், கோட் கேர்ள், பிளாக் மிடி எல்லாம் உண்டு. பிளாக் மிடியின் முதல் ஆல்பம் 2019இல், சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசின் பட்டியலுக்கே போனது.

இனி உங்கள் மகளிடம் கறாராகப் பேச வேண்டியது. சம்பளம் குறைவு, ஆரம்பத்தில் வாசலில் டிக்கெட் கிழிப்பதும், பேண்டுகளுக்கு நிகழ்ச்சி தேடும் ஏஜென்சியில் உதவியாளராக இருப்பதும்தான் கிடைக்கும். பிரிட்டனில் சின்ன அரங்குகள் மூடிக்கொண்டே வருகின்றன, 2023இல் மட்டும் 125 போயின. எனவே இரண்டு வருடம் மட்டும் முயன்று பார்க்கட்டும், வீட்டில் தங்கி. நஷ்டமாகும் நிகழ்ச்சிக்கு அப்பா பணம் ஒரு பவுண்டும் கிடையாது. வருடத்தில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிவு. ராத்திரி எப்படி வீடு திரும்புவாள் என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும். 'மியூசிக் பிசினஸ்' பட்டம் என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால், 2025-26இலேயே வருடம் 9,535 பவுண்டு, அந்தக் கணக்கில் மூன்று வருடத்துக்கு 28,605 என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அங்கே கற்றுத்தரும் செட்டில்மென்ட் கணக்கை, அதாவது வசூலைப் பிரிக்கும் கணக்கை, அவள் ஏற்கெனவே போடுகிறாள். இரண்டு வருடத்தில் சலித்துப்போனால் ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண்கள் அப்படியேதான் இருக்கும், பல்கலைக்கழகமும் ஓடிவிடாது.

அடுத்த வியாழன் நிகழ்ச்சிக்கு நீங்கள் இரண்டு பேரும் போய்ப் பின்னால் நில்லுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. முடிந்ததும் அவள் பணம் பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள். பெரியப்பாவின் எண்ணை எனக்கு அனுப்புங்கள். பல்கேரியா பற்றி நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன்.